சார்ஜ் என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் எத்தனை சொற்கள் வேண்டும்?

பொன்னிக்கரை (வினா)

அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் பணியில் மூன்றாண்டுகளாக இருக்கிறேன். இப்போது என் கையில் இருப்பது முதியோர் இல்லம் ஒன்றின் பணியாளர் கையேடு. நாற்பது பக்கங்களே கொண்ட அந்தக் கையேட்டில் சார்ஜ் என்ற சொல் முப்பது இடங்களுக்குமேல் வருகிறது. ஓரிடத்தில் அது மாதக் கட்டணத்தைக் குறிக்கிறது. அடுத்த பத்தியிலேயே இரவுப்பணியை மேற்பார்க்கும் பொறுப்பைக் குறிக்கிறது. ஒழுங்கு நடவடிக்கை பற்றிய இயலில் பணியாளர்மீது கூறப்படும் குற்றத்தைக் குறிக்கிறது. சக்கர நாற்காலியின் பேட்டரியைப் பற்றிய பகுதியில் மின்சாரம் ஏற்றுவதைக் குறிக்கிறது.

இவற்றையெல்லாம் சூழலைக் கொண்டு பிரித்துவிட்டேன். என்னைத் தடுமாற வைத்தது வேறோர் இடம். செவிலியர்கள் தங்கள் சார்ஜஸை இரவில் இருமுறை சென்று பார்க்க வேண்டும் என்று அங்கே எழுதியிருந்தது. முதல் வரைவில் அதைக் குற்றச்சாட்டுகள் என்று எழுதிவிட்டு, மறுநாள் சரிபார்க்கும்போதுதான் அங்கே அச்சொல் செவிலியரின் பராமரிப்பில் உள்ள முதியவர்களைக் குறிக்கிறது என்று உணர்ந்தேன். அந்தப் பக்கம் அப்படியே அச்சாகியிருந்தால் இரவில் யாரைப் பார்க்க வேண்டும் என்ற செய்தியே பணியாளர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது என்பதை நினைக்கும்போது மனம் பதைக்கிறது.

இரண்டு செய்திகளை அறிய விரும்புகிறேன். இத்தனை பொருள்களுக்கும் அடியில் பொதுவான ஒன்று இருக்கிறதா, அதைக் கொண்டு இத்தகைய பிழைகளைத் தவிர்க்க இயலுமா? அன்றாடப் பேச்சில் எல்லாரும் சார்ஜ் என்றே சொல்வதால், சில இடங்களிலாவது அதை அப்படியே விட்டுவிடலாமா?

---

சொல்வேர்

வணக்கம், பொன்னிக்கரை. கல்லூரியில் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் உங்கள் முதல் வினாவுக்கு விடை கூற முயல்கிறேன்.

பொதுவான ஒன்று இருக்கிறது. அது வண்டி. இன்றைய பிரான்சுப் பகுதியில் பண்டு வாழ்ந்த கால் என்னும் இனத்தாரின் மொழியிலிருந்து இலத்தீன் கடனாகப் பெற்ற கர்ருஸ் என்ற சொல் வண்டியைக் குறித்தது. அதிலிருந்து பிற்கால இலத்தீனில் கர்ரிகாரே என்ற வினை பிறந்தது. அதற்கு வண்டியில் பாரம் ஏற்றுதல் என்று பொருள். அவ்வினை பழைய பிரெஞ்சு மொழியில் சார்ஜியேர் என்று திரிந்து, 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது சுமை, சுமையேற்றுதல் என்ற பொருள்களையே முதலில் தாங்கியிருந்தது. சரக்கைக் குறிக்கும் கார்கோ ஸ்பானிய மொழி வழியாகவும், மிகைப்படுத்தி வரைந்த உருவத்தைக் குறிக்கும் கேரிகேச்சர் இத்தாலிய மொழி வழியாகவும் வந்த இதே குடும்பத்துச் சொற்கள். ஒரு முகத்தின்மேல் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினால் கேலிச்சித்திரம் ஆகிவிடுகிறது என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது.

வண்டியில் ஏற்றிய பாரத்தை மனிதர்மேல் ஏற்றிப் பாருங்கள். வேலையை ஏற்றினால் பொறுப்பு. பழியை ஏற்றினால் குற்றச்சாட்டு. செலவை ஏற்றினால் கட்டணம். ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட பாரம் ஓர் உயிராக இருந்தால், அந்தக் குழந்தையோ முதியவரோ அவருடைய சார்ஜ் ஆகிறார். நீங்கள் தடுமாறிய இடம் இதுதான். துப்பாக்கியிலும் பீரங்கியிலும் மருந்து நிறைப்பதும் ஒருவகைப் பாரம் ஏற்றலே. நம் ஊர்த் திருவிழாக்களில் வேட்டுக்குழாயில் மருந்து கெட்டிப்பது என்று சொல்வதும் அதே வினைதான். எதிரியை நோக்கிப் பாய்தல் என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டில் தோன்றியது. அது ஆயுதத்தில் மருந்தேற்றித் தாக்குநிலைக்குக் கொண்டுவருதல் என்ற பொருளின் வழியே வந்திருக்கலாம் என்று அகராதியியலார் கருதுகிறார்கள்.

மின்சாரப் பொருளின் பிறப்பு அழகானது. 1745, 1746ஆம் ஆண்டுகளில் லைடன் சாடி என்ற கண்ணாடிக் கலம் கண்டுபிடிக்கப்பட்டது. தேய்த்து உண்டாக்கிய மின்சாரத்தை அதில் சேர்த்து வைக்க முடிந்தது. பெஞ்சமின் பிராங்க்ளின் அந்தச் சாடிகளைக் கொண்டு சோதனைகள் செய்து, அவற்றை விளக்கிக் கடிதங்கள் எழுதியபோது, சாடியில் மின்சாரம் நிறைவதற்கும் அது வெடித்து வெளியேறுவதற்கும் துப்பாக்கிக்குரிய சொற்களையே பயன்படுத்தினார். பல சாடிகளை ஒன்றாக இணைத்த அமைப்புக்கு, பீரங்கி வரிசையைக் குறித்த பேட்டரி என்ற படைத்துறைச் சொல்லை வைத்தவரும் அவரே. ஆகவே நாம் நாள்தோறும் பேட்டரியைச் சார்ஜ் செய்கிறோம் என்று சொல்லும்போது, இரண்டு சொற்களும் போர்க்களத்திலிருந்து வந்தவை.

இனித் தமிழுக்கு வருகிறேன். இந்த விரிவு ஆங்கிலத்துக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். சுமத்து என்ற நம் வினையைப் பாருங்கள்: பழி சுமத்துகிறோம், வரி சுமத்துகிறோம், வேலையைச் சுமத்துகிறோம். பொறு என்ற வினை அதைவிட ஆழமானது. சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை என்ற குறளில் பொறுத்தான் என்பவன் பல்லக்கைத் தோளில் தாங்கியவன். பொறுமை காட்டியவன் அல்லன். தோளில் தாங்குவதைக் குறித்த அந்த வேரிலிருந்தே பொறுப்பும் பொறுமையும் வந்தன. ஆகவே பொறுப்பு என்பது சார்ஜ் என்பதற்கு ஏதோ ஒரு நிகரன் என்பதோடு நில்லாமல், அதே வழியில் நடந்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்த சொல்லாகவும் இருக்கிறது.

நடைமுறையில் நான் மாணவர்களுக்குச் சொல்லிவந்த வழி இது: தமிழ்ச் சொல்லைத் தேடுவதற்கு முன்னால், அந்த இடத்தில் யார், எதை, எதன்மேல் ஏற்றுகிறார் என்று கேளுங்கள், பிறகு சார்ஜ் என்பதை நீக்கிவிட்டு அதன் ஆங்கில ஒருபொருட்சொற்களில் எது அங்கே அமர்கிறது என்று பாருங்கள். ஃபீ அமர்ந்தால் தொழில் வல்லுநருக்கோ நிறுவனத்துக்கோ தரும் கட்டணம். ஃபேர் அமர்ந்தால் பயணக் கட்டணம். டோல் அமர்ந்தால் சாலைக்கோ பாலத்துக்கோ தரும் சுங்கம். அக்யூசேஷன் அமர்ந்தால் குற்றச்சாட்டு. கஸ்டடி அல்லது கேர் அமர்ந்தால் பொறுப்போ பராமரிப்போ. ஒருபொருட்சொற்கள் எல்லாம் ஒரே பொருளுடையவை அல்ல என்பதே அவற்றின் பயன். பஸ் சார்ஜ் என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் ஃபேர் என்றே சொல்வார்; தமிழுக்குள் வந்த சார்ஜ், ஆங்கிலத்தில் தனக்கு உரியதல்லாத இடத்தையும் பிடித்துக்கொண்டது.

ஆக்ஸ்போர்டு பேரகராதியில் ரன் என்ற வினை ஒன்றுக்கே 600க்கும் மேற்பட்ட பொருள்கள் பிரித்துக் காட்டப்பட்டிருக்கின்றன. சார்ஜ் அந்த அளவுக்குப் பரந்தது அன்று. ஆனால் பணம், குற்றம், பொறுப்பு என்று தவறினால் மனிதரைப் பாதிக்கும் இடங்களிலேயே அது வருவதால், மொழிபெயர்ப்பாளருக்கு ரன் என்பதைவிட இதுவே கூடுதல் கவனத்தைக் கோருகிறது என்பது என் கருத்து.

---

நெய்தல்நிலம்

சொல்வேர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. ஓர் ஐயம். தமிழில் சார்த்து என்ற வினை இருக்கிறது. ஒன்றின்மேல் ஒன்றைச் சேர்த்து வைத்தல் என்பது அதன் பொருள். ஒலியும் சார்ஜ் என்பதோடு ஒத்திருக்கிறது, பொருளும் ஒத்திருக்கிறது. அப்படியானால் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று கொள்ளலாம் அல்லவா? மின்னேற்றம், பொறுப்பேற்பு ஆகிய இரண்டிலும் ஏற்று என்ற ஒரே வினை வருவதும் இதற்குத் துணைசெய்கிறது என்று நினைக்கிறேன்.

---

சொல்வேர்

நெய்தல்நிலம் அவர்களே, தமிழின்மேல் உள்ள அன்பினால் எழுந்த கேள்வி என்பது புரிகிறது. எனினும் அவ்வாறு கொள்ள இயலாது. சார்ஜ் என்பதன் முதலில் நிற்கும் சகர ஒலி பிரெஞ்சு மொழியில் பின்னால் ஏற்பட்ட மாற்றம். இலத்தீனில் அகரத்துக்கு முன் நின்ற ககரம் பழைய பிரெஞ்சில் ஒழுங்காகச் சகரமாயிற்று. பாடுதலைக் குறித்த கந்தாரே, சாந்தே என ஆகி, இன்றைய பிரெஞ்சில் ஷாந்தே என்று ஒலிக்கிறது. குதிரையைக் குறித்த கபல்லுஸ் இன்று ஷெவால் என்று ஒலிக்கிறது. அதே விதிப்படியே கர்ரிகாரே சார்ஜியேர் ஆயிற்று. இன்னும் பழைய வடிவத்துக்குப் போகப் போக அச்சொல் சார்த்து என்பதிலிருந்து விலகிச் செல்கிறது, நெருங்கி வரவில்லை. இன்றைய ஒலி ஒப்புமையை மட்டும் கொண்டு உறவு கூறுவது சொல்லாராய்ச்சிக்குப் பொருந்தாது.

மின்னேற்றம் என்பதில் உள்ள ஏற்று, ஏறு என்பதன் பிறவினை. ஏறச் செய்தல் என்று பொருள். பொறுப்பேற்பு என்பதில் உள்ள ஏற்பு, ஏல் என்ற வேறு வினையடியிலிருந்து வந்தது. ஒப்புக்கொண்டு வாங்குதல் என்று பொருள். ஒன்று கொடுப்பவர் பக்கத்துச் செயல், மற்றொன்று பெறுபவர் பக்கத்துச் செயல். இந்த வேறுபாடு பொன்னிக்கரைக்கும் உதவும். ஆங்கிலத்தில் பொறுப்பை வகிப்பவரையும், அவர் பொறுப்பில் இருப்பவரையும் ஏறத்தாழ ஒரே சொற்றொடரால் குறிக்கிறார்கள். இடையில் தி என்ற சிறு சொல் வந்தால் பொருள் தலைகீழாக மாறிவிடும். செவிலியர் முதியவருக்கு இன் சார்ஜ் ஆஃப் என்றால் செவிலியர் பொறுப்பாளர். முதியவர் செவிலியரின் இன் தி சார்ஜ் ஆஃப் என்றால் முதியவர் அவரது பராமரிப்பில் இருக்கிறார். கையேட்டில் அந்தச் சிறு சொல்லைக் கூர்ந்து பாருங்கள்.

---

வைகைவாசி

நீதிமன்ற ஆவணங்களை மொழிபெயர்த்து ஓய்வுபெற்றவன் நான். ஒழுங்கு நடவடிக்கை இயல் என்று பொன்னிக்கரை குறிப்பிட்டதால் எழுதுகிறேன். அந்த இயலில் ஒரு சொல் தவறினாலும் ஒருவருடைய வேலை பற்றிய விசாரணையில் குழப்பம் நேரும்.

நாளிதழ்களில் புகார், குற்றச்சாட்டு, குற்றப்பத்திரிகை ஆகிய மூன்றும் கலந்து வழங்குகின்றன. சட்டத்தில் அவை வரிசையாக வரும் வெவ்வேறு நிலைகள். ஒருவர் சொல்வது புகார். காவல் நிலையத்தில் பதிவாவது முதல் தகவல் அறிக்கை. புலனாய்வு முடிந்தபின் காவல்துறை நீதிமன்றத்தில் அளிப்பதை நாம் சார்ஜ் ஷீட் என்றும் குற்றப்பத்திரிகை என்றும் சொல்கிறோம். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193ஆம் பிரிவும் இதைப் பற்றியவை. அதன்பின் நீதிபதி ஆவணங்களைப் பார்த்து, வழக்குக்கு அடிப்படை உண்டு என்று கருதினால் தாமே எழுதிப் பதிவு செய்வதுதான் சட்டம் சொல்லும் சார்ஜ். அதை நாங்கள் குற்றச்சாட்டு வனைதல் என்று எழுதுவோம். வனைதல் என்பது குயவர் மண்ணைப் பானையாக உருவாக்கும் செயல். உருவமற்றுக் கிடந்த செய்திகளைத் திட்டமான வடிவத்துக்குக் கொண்டுவருவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ஆகவே காவல்துறை குற்றச்சாட்டு வனைந்தது என்று எழுதினால் பிழை; நீதிமன்றம் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது என்று எழுதினாலும் பிழை.

அடிப்படை இல்லை என்று கண்டால் நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டவரை டிஸ்சார்ஜ் செய்யும். ஏற்றிய பாரத்தை இறக்கிவிடுதல் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். இதை விடுவித்தல் என்றும், முழு விசாரணைக்குப்பின் குற்றமற்றவர் என்று தீர்ப்பதை விடுதலை என்றும் பிரித்தே எழுத வேண்டும். விடுதலை பெற்றவரை அதே குற்றத்துக்காக மீண்டும் விசாரிக்க இயலாது. விடுவிக்கப்பட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 300ஆவது பிரிவின் விளக்கம் தெளிவாகக் கூறியது. இரண்டையும் விடுதலை என்று எழுதிய மொழிபெயர்ப்புகளைத் திருத்துவதிலேயே என் பணிக்காலத்தின் கணிசமான பகுதி கழிந்தது.

வேறொரு பொருளையும் சொல்லிவிடுகிறேன், பழைய தீர்ப்புகளை மொழிபெயர்ப்பவர்களுக்கு உதவும். பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தில் முடிவு கூறும் ஜூரி முறை இருந்த காலத்தில், சாட்சியங்களைத் தொகுத்துச் சட்டநிலையை விளக்கி நீதிபதி ஜூரிகளுக்குக் கூறும் உரைக்கும் சார்ஜ் என்றே பெயர். 1959ஆம் ஆண்டில் பம்பாயில் நடந்த நானாவதி கொலை வழக்கில் ஜூரிகள் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றமில்லை என்றார்கள். அதை ஏற்க இயலாத அமர்வு நீதிபதி வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். நீதிபதி ஜூரிகளுக்கு ஆற்றிய உரையில் தவறான வழிகாட்டல்கள் இருந்தனவா என்பது அங்கே முக்கியமான வாதமாயிற்று. உயர் நீதிமன்றம் விதித்த தண்டனையை 1961இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்தத் தீர்ப்பில் சார்ஜ் என்று வரும் இடங்களையெல்லாம் குற்றச்சாட்டு என்று எழுதினால், நீதிபதியே குற்றஞ்சாட்டியதாகப் பொருள்பட்டுவிடும்.

சொத்துச் சட்டத்திலும் இச்சொல் உண்டு. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 100ஆவது பிரிவின்படி, ஒருவருடைய அசையாச் சொத்து மற்றொருவருக்குச் சேர வேண்டிய பணத்துக்கு ஈடாக நின்று, ஆனால் அது அடமானம் ஆகாமல் இருந்தால், அந்தச் சொத்தின்மேல் சார்ஜ் உண்டு என்று பொருள். கைவிடப்பட்ட மனைவியின் ஜீவனாம்சத்துக்காகக் கணவனின் வீட்டின்மேல் நீதிமன்றம் ஏற்படுத்தும் கட்டு இத்தகையது. கிரையப் பத்திரங்களில் யாதொரு வில்லங்கமும் இல்லை என்று எழுதும்போது இதுவும் அந்த வில்லங்கத்துக்குள் அடங்கும்.

உங்கள் கையேட்டைப் பொறுத்தவரை, பணியாளரிடம் தரப்படும் எழுத்துவழிச் சார்ஜ் என்பதைக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை என்று எழுதுங்கள். அரசு அலுவலகங்களில் நன்கு பழகிய சொல். அதற்கு முந்தைய நிலையில் பிறர் கூறியதை மட்டும் குறிக்கும் அலிகேஷன் என்ற சொல் வந்தால் அதைப் புகார் என்றோ கூறப்படும் செயல் என்றோ எழுதி, குற்றச்சாட்டு என்ற சொல்லை எழுத்துவழி நிலைக்கே ஒதுக்கி வையுங்கள்.

---

வடமராட்சி ஆசிரியர்

அன்பின் பொன்னிக்கரைக்கு வணக்கம். யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் கற்பிக்கின்றேன். இலங்கைப் பாடநூல்களில் நாங்கள் இதனை ஏற்றம் என்றே வழங்குகின்றோம். நேரேற்றம், மறையேற்றம் என்று இரண்டாகப் பிரிப்போம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மின்னூட்டம் என்ற சொல் இருக்கின்றது. வேதியியலில் மின்சுமை என்பதும் வழங்குகின்றது. சொல்வேர் ஐயா சொன்ன வண்டிப்பாரத்தை நினைத்தால், மின்சுமை என்பதே மூலச்சொல்லின் கருத்துக்கு மிக அண்மையில் நிற்பது. ஆயினும் ஏற்றம் என்பதன் எளிமையை நான் விரும்புகின்றேன். மாணவர் அதனை ஒருமுறை கேட்டாலே பிடித்துக்கொள்கின்றனர்.

ஆனால் உங்கள் கையேட்டில் வருவது இந்த ஏற்றம் அன்று என்பதைக் கவனிக்க வேண்டுகின்றேன். ஓர் இலத்திரனுக்கு (எலக்ட்ரானுக்கு) 1.602 × 10⁻¹⁹ கூலோம் அளவு மறையேற்றம் இருக்கின்றது; கூலோம் என்பது ஏற்றத்தை அளக்கும் அலகு. அது பொருளின் அடிப்படை இயல்பு. பேட்டரிக்குச் சார்ஜ் செய்யும்போது அதற்குள் ஏற்றம் கூடுவதில்லை. ஒரு முனையில் எத்தனை இலத்திரன்கள் நுழைகின்றனவோ அத்தனை மறுமுனையால் வெளியேறுகின்றன. மொத்தத்தில் பேட்டரி நடுநிலையாகவே இருக்கின்றது. கூடுவது உள்ளே சேமிக்கப்படும் இரசாயன ஆற்றல். கைப்பேசி பேட்டரியில் 5000 மில்லியாம்பியர் மணி என்று அச்சிட்டிருப்பது, அது முழுமையாகத் தீரும்வரை வெளிச்சுற்றில் ஓடச்செய்யக்கூடிய ஏற்றத்தின் அளவு. கணக்கிட்டால் 18,000 கூலோம் வரும். ஆகவே இயல்பைக் குறிக்கும்போது ஏற்றம் அல்லது மின்னூட்டம் என்றும், செயலைக் குறிக்கும்போது மின்னேற்றல் என்றும், கருவியை மின்னேற்றி என்றும் எழுதுவது நன்று.

அதேவேளை, அந்த இல்லத்தில் சக்கர நாற்காலியை நள்ளிரவில் இணைத்து வைக்கப்போகும் பணியாளர் பாடநூலைப் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. அவருக்குச் சார்ஜர் என்ற சொல்லே கையில் இருக்கும். உங்கள் இரண்டாம் வினாவுக்கு என் விடை இது: கட்டணம், பொறுப்பு, குற்றச்சாட்டு ஆகியவற்றுக்கு எல்லாருக்கும் விளங்கும் தமிழ்ச் சொல் இருக்கும்போது சார்ஜ் என்று எழுதத் தேவை இல்லை, பேட்டரிப் பகுதியில் மட்டும் சார்ஜ் செய்தல் என்று எழுதினால் நான் குறை சொல்ல மாட்டேன். தமிழ்ப் பற்று எனக்கும் உண்டு. ஆனால் அங்கே ஒருவர் மறுநாள் காலை நாற்காலியில் நகர முடியுமா என்பது அந்த வரியைப் பொறுத்திருக்கின்றது.

---

கணக்கர் மன்றம்

கூட்டுறவுத் தணிக்கையில் பணியாற்றியவன். இரண்டு குறிப்புகள் மட்டும்.

சார்ஜ் என்பதன் முன்னொட்டு மாறினால் பொருள் வெகுதூரம் போய்விடும். சர்சார்ஜ் என்பதை மின்கட்டண ரசீதிலோ வரிப் படிவத்திலோ கண்டால் கூடுதல் கட்டணம் அல்லது மேல்வரி. அதே சொல்லைத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983இன் 87ஆவது பிரிவில் கண்டால் தண்டத்தீர்வை. சங்கத்துக்கு இழப்பு ஏற்படுத்திய அலுவலரிடமிருந்து அத்தொகையை வசூலிக்கும் நடவடிக்கை அது. மேல்வரி என்று எழுதினால் வாசிப்பவருக்கு எதுவும் விளங்காது. ரீசார்ஜ் என்பதும் அப்படியே: கைப்பேசிக்கு அது பணம் செலுத்திப் புதுப்பித்தல், நிலத்தடி நீருக்கு அது செறிவூட்டல்.

மற்றொன்று, கணக்குப் பகுதியில் இன்னாருடைய கணக்கில் சார்ஜ் செய்யவும் என்று இருந்தால் கட்டணம் வசூலிக்கவும் என்று எழுதிவிடாதீர்கள். அந்த நேரத்தில் பணம் கைமாறுவதில்லை. பற்று எழுதவும் என்பதே சரி. மருந்துச் செலவை முதியவரிடம் அப்போதே கேட்டு வாங்குவதும், அவர் கணக்கில் பற்று எழுதி மாத இறுதியில் குடும்பத்தாருக்கு அனுப்புவதும் ஒன்றல்ல. முதியவர்கள் இதில் மனம் புண்படுவதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

---

பொன்னிக்கரை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு முழுக் கையேட்டையும் எடுத்துவைத்து, சார்ஜ் வரும் ஒவ்வோரிடத்திலும் யார், எதை, எதன்மேல் ஏற்றுகிறார் என்ற கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். முன்பு சரியென்று எண்ணியிருந்த இடங்களில் நான்கு பிழையாக இருந்தன. கணக்கர் மன்றம் ஐயா எச்சரித்த பற்று எழுதும் இடம் அவற்றுள் ஒன்று. மற்றோரிடத்தில் இல்லத்திலிருந்து டிஸ்சார்ஜ் செய்வது என்பதை வெளியேற்றுதல் என்று எழுதியிருந்தேன். அணையிலிருந்து நீரை வெளியேற்றுவதற்குப் பொருந்தும் அச்சொல், முதியவர் வீடு திரும்புவதைக் குறிக்கும் இடத்தில் அவரைத் துரத்திவிடுவது போல் ஒலிக்கிறது. இல்லத்திலிருந்து விடைபெறுதல் என்று மாற்றிவிட்டேன். வடமராட்சி ஆசிரியரின் அறிவுரைப்படி பேட்டரிப் பகுதியில் மட்டும் சார்ஜ் செய்தல் என்றே விட்டிருக்கிறேன்.

முதலில் தடுமாறிய வாக்கியம் இப்போது இப்படி நிற்கிறது: செவிலியர் தம் பராமரிப்பில் உள்ள முதியவர்களை இரவில் இருமுறை நேரில் சென்று பார்க்க வேண்டும்.

தீராத ஐயம் ஒன்று. கையேட்டில் சார்ஜ் நர்ஸ் என்று பல இடங்களில் வருகிறது. பொறுப்புச் செவிலியர் என்று எழுதலாமா? நம் அலுவலகங்களில் பெயருக்குப் பின்னால் (பொ) என்று போட்டால், நிரந்தரமாக நியமிக்கப்படாதவர், தற்காலிகமாக அப்பதவியைப் பார்ப்பவர் என்று ஆகிவிடுமே என்பதே என் தயக்கம்.

---

சொல்வேர்

உங்கள் தயக்கம் நியாயமானது. பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் சார்ஜ் நர்ஸ் என்பது பதவியின் பெயர். ஒரு வார்டுக்குத் தலைமை வகிக்கும் பெண் செவிலியரைச் சிஸ்டர் என்றும், அதே நிலையில் உள்ள ஆண் செவிலியரைச் சார்ஜ் நர்ஸ் என்றும் வழங்கினார்கள். வேறு பல இடங்களில் அது பதவியாக இல்லாமல், குறிப்பிட்ட பணிநேரத்துக்கு மட்டும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவரைக் குறிக்கும். கையேட்டின் பணி அட்டவணையைப் பாருங்கள். அந்த இடத்தில் எப்போதும் ஒரே பெயர் இருந்தால் தலைமைச் செவிலியர் என்று எழுதலாம். பெயர் நாளுக்கு நாள் மாறினால் அது பதவி அன்று.

---

பொன்னிக்கரை

பார்த்துவிட்டேன், ஐயா. பெயர் ஒவ்வோர் இரவும் மாறுகிறது. ஆகவே எல்லா இடங்களிலும் அன்றைய இரவுப்பணிக்குப் பொறுப்பான செவிலியர் என்று எழுதியிருக்கிறேன். சற்று நீளமாக இருக்கிறது. ஆனால் நள்ளிரவில் ஒரு முதியவருக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டால் யாரை எழுப்ப வேண்டும் என்பதில் இனிப் பணியாளருக்கு ஐயம் இராது.